முளைக்காத விதையும் வாங்கியவர் உரிமையும்

நீலகிரி விவசாயிக்குக் கேரட் விதை சொற்ப விலைப் பொருளன்று. எருவிட்டு, பாத்தி கட்டி, கூலியும் கொடுத்து விதைத்தபின், மூன்று வாரம் கழித்தும் பாத்தி வெறுமையாகக் கிடக்குமானால், அவருக்கு நேரும் நஷ்டம் விதையின் விலையோடு நிற்பதில்லை. ஒரு போகமே போய்விடுகிறது.

அண்மையில் நமது வட்டாரத்து ஹட்டி ஒன்றில் இத்தகைய நிலத்தைக் கண்டோம். விதை வந்த உறை எங்கே என்று கேட்டோம். "அடுப்பில் போட்டுவிட்டேன், ஐயா" என்றார் விவசாயி. பழகிய கடையில் ரசீது கேட்பது மரியாதையன்று எனக் கருதி, அதையும் அவர் வாங்கவில்லை. கடைக்காரரோ எல்லாம் பனியின் வேலை என்று சொல்லிவிட்டார். மலைநாட்டில் பனியின்மேல் பழி போடுவது எளிது. பல சமயம் அது உண்மையும்கூட. ஆனால் அடுத்த நிலத்தில், அதே வாரத்தில் விதைத்த வேறு விதை செவ்வனே முளைத்திருந்தது.

விளைபொருளை விற்று இலாபம் காணும் விவசாயி நுகர்வோர் ஆகார் என்னும் வாதம் வழக்குமன்றங்களில் எழுவதுண்டு. தேசிய விதைக் கழகத்திடம் பெற்ற விதை குறையுடையது என்று ஆந்திரப் பிரதேச விவசாயிகள் தொடுத்த வழக்குகளில், 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இவ்வாதத்தை மறுத்தது. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்பது தீர்ப்பு. விதையைச் சோதனைச் சாலைக்கு அனுப்பவில்லையே என்ற ஆட்சேபமும் நிற்கவில்லை. வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடுவதே விவசாயியின் இயல்பு. பின்னால் சோதனைக்கு வேண்டுமென்று அவர் ஒரு பங்கை எடுத்துவைப்பார் என எதிர்பார்க்கலாகாது என்று நீதிமன்றம் கண்டது. மண்ணை அறிந்த தீர்ப்பு என்றே நாம் சொல்வோம்.

ஆயினும் சாட்சியம் இன்றி நீதி கிட்டாது. உறையில் ரகம், குவியல் எண், முளைப்புத்திறன், சோதித்த நாள் ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். உறையைப் பத்திரப்படுத்தி, ரசீதிலும் குவியல் எண்ணை எழுதி வாங்குதல் வேண்டும். விதைக்குமுன் நூறு விதைகளை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி வைத்தால், பழுது வீட்டிலேயே தெரிந்துவிடும். நிலத்தில் முளைப்பு தவறினாலோ, அவசரப்பட்டு மறுபடி கொத்திவிடலாகாது. தோட்டக்கலை அலுவலரையும் விதை ஆய்வாளரையும் அழைத்துக் காட்டி, எழுத்து மூலம் அறிக்கை பெறவேண்டும். கொத்திய நிலம் சாட்சி சொல்லாது.

விற்றவர் செவிசாய்க்காவிடில், உதகமண்டலத்தில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் உள்ளது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியூரிலிருந்து தபாலில் தருவித்த விதையானாலும், கேட்ட ரகத்துக்குப் பதில் வேறு வந்திருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். 2 ஆண்டுகளுக்குள் செய்தல் வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணமில்லை; வக்கீலும் கட்டாயமில்லை. யோசனை கேட்க 1915 என்ற தொலைபேசி எண் உண்டு.

ஹட்டி விவசாயி விதைக்குரிய பணத்தைக் கைபேசி வழியே செலுத்தியிருந்தது நல்லதாயிற்று. வங்கிக் கணக்கில் அதன் பதிவு இருந்தது. தோட்டக்கலை அலுவலர் இரு நிலங்களையும் பார்த்து எழுதிக் கொடுத்தார். மனு உதகைக்குச் சென்றிருக்கிறது.