குப்பைமேடு வளராமல் இருக்க...

சென்னை பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் உள்ள பெருங்குடி குப்பைக் கிடங்கு, 2022 ஏப்ரலில் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. காற்றுப்படாமல் அழுகும் உணவுக் கழிவிலிருந்து எளிதில் தீப்பற்றும் மீத்தேன் வாயு கிளம்புகிறது. புவியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வீரியமானது. கசியும் கறுப்பு நீர் நிலத்தடி நீரையும் கெடுக்கிறது.

வீட்டிலேயே செய்யக்கூடியவை:

● பால் கவரின் மூலையைத் தனியாக வெட்டி எறிய வேண்டாம். அந்தச் சின்னத் துண்டு மறுசுழற்சிக்குப் போய்ச் சேராது. கவரோடு ஒட்டியிருக்கும்படி நறுக்கி, பாலை ஊற்றியதும் அலசிக் காயவைத்துச் சேர்த்து வையுங்கள்.

● காய்கறித் தோல், டீத்தூளைத் துளையிட்ட பழைய வாளியில் போட்டு, மேலே காய்ந்த இலையைத் தூவுங்கள். புளித்த மோர் தெளித்தால் சீக்கிரம் மக்கும். அடிக்கடி கிளறிவிட்டால் வாடை வராது.

● எண்ணெய் படிந்த பார்சல் அட்டையைப் பழைய பேப்பர் கட்டில் சேர்க்காதீர்கள். மற்ற காகிதமும் வீணாகும்.

● பேட்டரி, டியூப்லைட், காலாவதியான மாத்திரைகளைத் தனிப் பையில் கட்டி, தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள். டியூப்லைட்டில் பாதரசம் உண்டு, உடைக்கக் கூடாது.

● அலுமினிய டப்பாக்களைக் காயலான் கடையில் போடுங்கள். பழைய அலுமினியத்தை உருக்க, தாதுவிலிருந்து புதிதாக எடுக்க ஆகும் ஆற்றலில் ஏறக்குறைய 5 சதவீதமே போதும்.