நீளக் கைக்கு எந்த வில்?

ஊட்டியிலிருந்து எமரால்டு வழியாக அவலாஞ்சிக்குப் போகும் சாலையில் வில்லைப் பற்றிப் பேச்செடுத்தால், கேட்பவர் மனதில் மலைவாசி ஒருவர் கடமானைத் துரத்துவார். இல்லாவிட்டால் முழங்கால் தொடும் கைகளோடு ராமன் கோதண்டத்தை ஊன்றி நிற்பார். முதல் வில் வாங்கப் புறப்படும் நீளக் கை இளைஞனை இந்த இரண்டு பேருமே தவறான கடைக்கு அனுப்பிவிடுவார்கள். ஒருவர் வேட்டை வில்லை வாங்கச் சொல்வார், மற்றவர் கனமான வில்லை வாங்கச் சொல்வார்.

“மலைக்காடு அல்லவா, வேட்டை வில்தான் பொருத்தம்”

அவலாஞ்சியைச் சூழ்ந்த புல்வெளிகளின் பழங்குடிகளான தோடர்கள் வேட்டைக்காரர்கள் அல்லர். எருமை வளர்ப்பவர்கள், மரக்கறி உண்பவர்கள். ஆனால் அவர்கள் வாழ்க்கையில் வில்லுக்குப் பெரிய இடம் இருக்கிறது. கருவுற்ற பெண்ணுக்கு ஏழாம் மாதத்தை ஒட்டி நடக்கும் சடங்கில், கணவன் சிறு குச்சியை வளைத்துக் கட்டிய வில்லையும் புல்தண்டு அம்பையும் அவள் கையில் கொடுக்கிறான். கொடுத்தவனே பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தந்தை. சகோதரர்கள் சேர்ந்து ஒரே பெண்ணை மணக்கும் வழக்கம் இருந்த காலத்தில், பிள்ளை யாருடையது என்பதை இந்த வில்தான் தீர்த்து வைத்தது. டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1906-இல் வெளியிட்ட ‘தி தோடாஸ்’ நூலில் இதை விரிவாகப் பதிந்திருக்கிறார். அந்த வில்லால் ஓர் எலியைக்கூட வீழ்த்த முடியாது; ஆனால் ஒரு குடும்பத்தையே நிலைநிறுத்த முடிந்தது.

கீழ்ச்சரிவுக் காடுகளில் குறும்பரும் இருளரும் வேட்டையாடியது உண்டு. உச்சிப் புல்வெளியில் வரையாட்டையும் கடமானையும் அருகச் செய்ததில் பெரும்பங்கு வெள்ளைக்காரர்களின் துப்பாக்கிக்கு. சுட்டுத் தீர்த்துவிடுவோம் என்ற பயம் அவர்களுக்கே வந்து, 1877-இல் நீலகிரியில் வேட்டை விலங்குகளைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1879-இல் அதற்கென்று ஒரு சட்டமும் வந்தது.

இன்றைய சட்டத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘ஆயுதம்’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் வில்லையும் அம்பையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. கொல்வது மட்டுமல்ல, கொல்ல முயல்வதும் அதன்படி வேட்டைதான். அவலாஞ்சியை ஒட்டியுள்ள முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள், எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழைவதே குற்றம். பூங்காவுக்குள் வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. பிடிபடும் வில், வண்டி எல்லாம் அரசுக்குச் சொந்தம். “காட்டுப்பன்றியை அடிக்கலாமாமே?” என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் அது வனத்துறையினர் செய்ய வேண்டிய வேலை, அதுவும் காப்புக்காட்டிலிருந்து தள்ளியிருக்கும் இடங்களில். தோட்டத்தில் உருளைக்கிழங்கைப் பன்றி கிளறிப்போட்டது என்பதற்காக நீங்கள் வில்லை எடுக்க முடியாது. கடையில் வில் தாராளமாகக் கிடைக்கிறது என்பதும், அதைக் காட்டுக்குள் கொண்டுபோகலாம் என்பதும் ஒன்றல்ல.

ஆக, இங்கே வில் என்றால் இலக்குப் பலகைக்கான வில். நீளக் கைக்காரருக்கு இதில் நட்டமே இல்லை. வேட்டை வில் என்ற பெயரில் விற்கப்படும் ரீகர்வ்கள் (நுனிகள் வெளிப்பக்கம் வளைந்த, சக்கரமில்லாத வில்கள்) பெரும்பாலும் 58 முதல் 62 அங்குலம்தான் இருக்கும். புதரில் மாட்டாமல் இருக்க வேண்டும், மரத்தின் மேல் பரணில் உட்கார்ந்து எய்ய வேண்டும் என்பதற்காகக் குட்டையாகச் செய்தவை அவை. நீளக் கைக்கு முதலில் ஆகாதது அந்தக் குட்டைதான்.

“கை நீளமென்றால் பவுண்டும் கூடுதலாக வேண்டும்”

உண்மை நேர் எதிர். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சம்.

வில்லின் இதழில் (கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதியில்) ‘30 பவுண்டு, 28 அங்குலம்’ என்று எழுதியிருக்கும். 28 அங்குலம் இழுத்துப் பிடிக்க 30 பவுண்டு விசை வேண்டும் என்று பொருள். 29.5 அங்குலம் இழுப்பவர் கையில் அதே வில் ஏறக்குறைய 33 பவுண்டு ஆகிவிடும். இந்த வகை வில்லில் ஓர் அங்குலத்துக்கு 2 பவுண்டு அளவில் கூடுகிறது. கனமான வில்லென்றால் இன்னும் கூடுதலாக. அதாவது, கடைக்காரர் சொல்லாத பவுண்டை உங்கள் கையே சேர்த்துவிடுகிறது.

அதோடு முடியவில்லை. அம்பின் வேகம் பவுண்டால் மட்டும் வருவதல்ல. எவ்வளவு தூரம் நாண் அம்பைத் தள்ளிக்கொண்டு வருகிறது என்பதாலும் வருகிறது. நாண் ஓய்வில் இருக்கும்போது கைப்பிடியிலிருந்து 8 அங்குலம் தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 26 அங்குலம் இழுப்பவருக்கு நாண் 18 அங்குலம் அம்பைத் தள்ளும். 30 அங்குலம் இழுப்பவருக்கு 22. முழு இழுப்பில் இருவர் விரலிலும் ஒரே பவுண்டு இருந்தாலும், நீளக் கைக்காரரின் அம்புக்குப் போகும் ஆற்றல் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம். குட்டைக் கைக்காரர் கூடுதல் பவுண்டு போட்டு ஈடுகட்ட வேண்டியதை இவர் இலவசமாகப் பெறுகிறார். பிறகு எதற்கு 45 பவுண்டு?

45 பவுண்டு கேட்கும் இளைஞருக்குப் பதில் ஒன்றுதான்: அமெரிக்காவின் பல மாநிலங்களில் மான் வேட்டைக்குக் குறைந்தபட்சம் 40 பவுண்டு என்று விதி உண்டு, அதுபோன்ற எண்கள்தான் படங்கள் வழியாக இங்கே வந்து வீரத்தின் அளவுகோலாகிவிட்டன. பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் காட்டு விலங்கை வில்லால் கொல்வதையே தடுக்கிறது என்பது அந்தப் படங்களில் வராது. பலகையைத் துளைக்க 20 பவுண்டு போதும். பெரியவர்கள் 18 முதல் 24 பவுண்டுக்குள் தொடங்குவது நல்லது. கனமான வில்லோடு தொடங்குபவர் முதுகால் இழுக்கக் கற்பதில்லை. தோளைத் தூக்கி, இடுப்பை வளைத்து, முகத்தை நாணுக்குக் கொண்டுபோய் எப்படியோ சமாளிக்கக் கற்கிறார். அந்தப் பழக்கத்தை மாற்றுவது மிகவும் கடினம். தோள்மூட்டு கெட்டால் அதைவிடக் கடினம்.

பவுண்டைக் குறைத்துவிட்டு எதைக் கூட்டுவது? வில்லின் நீளத்தை. குட்டை வில்லை நீளக் கை இழுக்கும்போது இரண்டு கோளாறுகள் வரும். கடைசி ஓரிரு அங்குலத்தில் இதழ்கள் வளைய மறுத்து, பவுண்டு திடீரென்று ஏறும். நாண் கூர்மையான கோணத்தில் மடங்கி விரல்களை நெரிக்கும். 27 அங்குலத்துக்குக் குறைவாக இழுப்பவருக்கு 66 அங்குல ரீகர்வ் போதும். 27 முதல் 29 வரை என்றால் 68. அதற்கு மேல் 70. மிக நீண்ட கைகளுக்கு 72-கூடச் சரியாக வரும். கைப்பிடியும் இதழும் தனித்தனியாகக் கழலும் வில்லில் இது எளிது: 25 அங்குலக் கைப்பிடியில் நடுத்தர இதழ் மாட்டினால் 68, நீள இதழ் மாட்டினால் 70. பழகப் பழக இதழை மட்டும் மாற்றிப் பவுண்டை ஏற்றிக்கொள்ளலாம். முதல் ஆறேழு மாதத்தில் முதுகு திறந்து, இழுக்கும் அளவே அரை அங்குலம், ஓர் அங்குலம் கூடிவிடுவது சாதாரணம். அதனால் முதல் இதழுக்கு விலை உயர்ந்ததை வாங்க வேண்டாம். மலிவான மர இதழே நல்லது, முடிந்தால் யாரிடமாவது இரவல் வாங்குங்கள்.

“உயரத்தைச் சொன்னால் போதும்”

சராசரி மனிதருக்குப் போதும். இரு கைகளையும் விரித்தால் விரல் நுனிக்கு விரல் நுனி வரும் அளவு அவருடைய உயரத்துக்குக் கிட்டத்தட்ட சமம். நீளக் கைக்காரர் என்றாலே அந்தக் கணக்கு பொய்த்தவர் என்றுதான் பொருள். ஆகவே உயரத்தை விட்டுவிட்டு விரித்த கைகளை அளந்து, 2.5-ஆல் வகுக்க வேண்டும். 74 அங்குலம் என்றால் 29.6. மார்பைப் புடைத்துக்கொண்டு நிற்காமல் இயல்பாக நின்று அளக்க வேண்டும். புடைத்தால் ஓர் அங்குலம் பொய்யாகச் சேரும்.

இதுவும் தொடக்கக் கணக்குதான். நாணைத் தாடைக்கு அடியில் நிறுத்துகிறாரா, வாயோரத்தில் நிறுத்துகிறாரா, கழுத்து நீளமா, தோள் அகலமா என்பதைப் பொறுத்து மாறும். எல்லாவற்றிலும் நம்பகமான வழி: மிக லேசான வில்லில், அங்குலம் குறித்த அம்பை வைத்து அவர் இழுக்க, பக்கத்தில் நிற்பவர் பார்த்துச் சொல்வது. பயிற்சியாளர் இருக்கும் எந்த மைதானத்திலும் இதைச் செய்து தருவார்கள். பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

“காம்பவுண்ட் வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை”

தலைவலி இடம் மாறும், அவ்வளவுதான். 1960-களில் அமெரிக்கரான ஹாலஸ் வில்பர் ஆலன் கண்டுபிடித்து 1969-இல் காப்புரிமை பெற்ற இந்தச் சக்கர வில், முழு இழுப்பில் பவுண்டில் பெரும்பகுதியைத் தானே தாங்கிக்கொள்கிறது. 50 பவுண்டு வில்லைப் பிடித்து நிற்கக் கையில் 10 முதல் 15 பவுண்டுதான் தெரியும். ஆனால் ரீகர்வை யாரும் தம் கைக்கேற்ப இழுக்கலாம். காம்பவுண்ட் தன் சக்கரம் அனுமதிக்கும் இடத்தில் சுவரில் மோதியதுபோல நின்றுவிடும். தொடக்கக்காரருக்கென்று விற்கும் பல வில்களில் அந்த எல்லை 30 அங்குலம். கை அதைவிட நீளமென்றால், ‘எவ்வளவுக்கும் மாற்றிக்கொள்ளலாம்’ என்ற விளம்பரம் அவருக்குப் பொருந்தாது. பெட்டியில் எழுதியிருக்கும் கடைசி எண்ணைப் படியுங்கள்.

எதிர்த்தவறும் நடக்கிறது. “உனக்குத்தான் கை நீளமாச்சே” என்று சொல்லி ஓர் அங்குலம் கூட்டி அமைத்துக் கொடுத்துவிடுவார்கள். அப்படி அமைத்தால் வில் பிடித்த முழங்கை விறைக்கும், நாண் முன்கையில் அறையும், உடல் பின்னால் சாயும். சந்தேகம் வந்தால் அரை அங்குலம் குறைத்து வைப்பதே மேல். இரு சக்கர அச்சுகளுக்கும் இடையே 30 அங்குலமே உள்ள குட்டைக் காம்பவுண்டும் நீளக் கைக்கு வேண்டாம். நாணின் கோணம் கூர்ந்து முகத்துக்கு வராது. 33-க்கு மேல் பாருங்கள்.

எந்த வில்லானாலும் கடையில் அம்பில்லாமல் இழுத்து விட்டுப் பார்க்காதீர்கள். அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் வில்லுக்குள்ளேயே திரும்பி, இதழைப் பிளக்கும்.

“நீளக் கை வில்லாளிக்கு வரம்”

வரம்தான், சிறிய வரம். ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வாரைச் சேர்ந்த ஷீத்தல் தேவிக்குப் பிறவியிலேயே கைகள் இல்லை. வில்லைக் காலால் பிடித்துத் தோளால் இழுக்கிறார். 2023 ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டில் தங்கம் வென்றார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் சேர்ந்து வெண்கலம். வில்லை உடம்புக்கு ஏற்ப அமைத்தால் போதும் என்பதற்கு வேறு சான்று எதற்கு?

பழம்பெருமையை அளவுகோலாக்கவும் வேண்டாம். கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்துப் போனதாகப் புறநானூற்றுப் புலவர் பாடியது கவிதை. அம்பு துப்பாக்கிக் குண்டுபோல அதிர்ச்சியால் வீழ்த்துவதில்லை, வெட்டிக் குருதி வடிய வைத்துத்தான் கொல்லும். ஆடி மாதத்தில் கொல்லிமலையில் நடக்கும் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டியும் உண்டு. இலக்கு பலகைதான், யானையல்ல.

“மூங்கில் வில் யாருக்கும் பொருந்தும், விலையும் குறைவு”

நம் தேசியப் போட்டிகளில் ‘இந்தியன் ரவுண்ட்’ என்று 30 மீட்டரிலும் 50 மீட்டரிலும் மூங்கில் வில்லால் எய்யும் பிரிவு இருக்கிறது. நம் நாட்டின் பெயர்பெற்ற வில்லாளிகள் பலர் மூங்கிலில் தொடங்கியவர்கள். விலை குறைவு என்பது மெய். ஆனால் மூங்கிலுக்குப் பொறுமை குறைவு. எந்த அளவுக்கு இழுக்கச் செய்தார்களோ அதற்கு மேல் நீளக் கை இழுத்தால், முகத்துக்கு எதிரே முறியும். செய்பவரிடம் உங்கள் இழுவை அளவைச் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள். சந்தையில் தொங்குவதை எடுக்காதீர்கள். அவலாஞ்சிப் பக்கத்தில் இன்னொரு தொல்லை ஈரம். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிய இடம் இது. மழை இல்லாத நாளில் மூடுபனி. மூங்கில் ஈரத்தைக் குடித்தால் வில் சோம்பிவிடும். எய்து முடித்ததும் நாணைக் கழற்றி, அடுப்பங்கரைச் சூடு படாத உலர்ந்த இடத்தில் படுக்கவையுங்கள். அம்பின் இறகு நனைந்தாலும் படுத்துவிடும்; பிளாஸ்டிக் இறகுக்கு அந்தக் கவலை இல்லை.

“அம்பு எதுவானால் என்ன”

இங்கேதான் ரத்தம் வரும். சராசரிக் கைக்காரரின் 28 அங்குல அம்பை நீளக் கைக்காரர் இரவல் வாங்கி இழுத்தால், அம்பின் முனை வில்லைத் தாண்டி உள்ளே வந்து அம்புத் தாங்கியிலிருந்து விழும். அப்படியே விட்டால் போய்ச் சேரும் இடம் அவர் வில் பிடித்திருக்கும் கை. தொடக்கக்காரரின் அம்பு அவர் இழுவையைவிட 2 அங்குலமாவது நீளமாக இருக்க வேண்டும். கார்பன் அம்பை வெட்டாமல் முழு நீளத்தில் வாங்கி, இழுவை நிலைத்த பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். நீள அம்பு எய்யும்போது கூடுதலாக வளையும். அதனால் அதே பவுண்டுக்குக் குட்டைக் கைக்காரர் வாங்குவதைவிட விறைப்பான தண்டு வேண்டும். தண்டில் எழுதியிருக்கும் 500, 600 என்ற எண் வளைவின் அளவு. எண் குறையக் குறைய விறைப்பு கூடும். பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டு வாங்கிவிடுகிறார்கள்.

ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்னும் கார்பன் அம்பை இரு கையாலும் மெல்ல வளைத்து, காதருகே வைத்துக் கேளுங்கள். சடசடவென்ற சத்தம் வந்தாலோ, விரலால் தடவும்போது கீறல் தட்டுப்பட்டாலோ அந்த அம்பை உடைத்தே குப்பையில் போடுங்கள். முழுசாகப் போட்டால் வேறு யாராவது எடுத்து எய்துவிடுவார்கள். இலக்குப் பலகையைத் தேயிலைச் சரிவின் விளிம்பில் வைக்காதீர்கள். தவறிய அம்பு சரிவில் வெகுதூரம் இறங்கும். கீழே கொழுந்து பறிப்பவர்கள் மூடுபனிக்குள் இருப்பது மேலிருந்து தெரியாது. பலகைக்குப் பின்னால் மண்மேடு இருக்கிற இடமாகப் பாருங்கள்.