சித்திரக்கதைப் பக்கத்துக்கு முகப்புப் படம் தேர்வது எப்படி?

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மறையூர், மூணாறு, குமுளி எனப் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லையோரத்தில் வாழும் தமிழர்களில் பலர் மலையாளப் பத்திரிகை படித்தே வளர்ந்தவர்கள். மலையாளக் கார்ட்டூன் தொடர்களையும், இப்போது இணையத்தில் வரும் சித்திரக்கதைகளையும் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் கிடைக்க மாட்டார்கள். கட்டுரையை நன்றாகவே எழுதிவிடுகிறார்கள். தகவற்பெட்டியின் தலையில் எந்தப் படத்தை வைப்பது என்ற இடத்தில்தான் கை நின்றுவிடுகிறது. கடைசியில் கிடைத்த படம் ஏதோ ஒன்று அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. சித்திரக்கதை என்பதே படம்தான். அந்தப் பக்கத்தில் படம் தவறினால் கட்டுரையே தவறியதற்குச் சமம்.

நம் பாலக்காட்டுக்காரரான ஓ. வி. விஜயனையே எடுத்துக்கொள்வோம். அவருடைய ‘கசாக்கின் இதிகாசம்’ நாவலை யூமா வாசுகியின் மொழிபெயர்ப்பில் தமிழர்கள் அறிவார்கள். அவர் சங்கர்ஸ் வீக்லியில் கார்ட்டூன் வரைந்தவர் என்பதும், கலாகௌமுதி இதழில் ‘இத்திரி நேரம்போக்கு, இத்திரி தர்சனம்’ என்ற கார்ட்டூன் தொடரை நடத்தியவர் என்பதும் அவ்வளவாகத் தெரியாது. அந்தத் தொடருக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம்.

முதலில் எவை வேண்டாம் என்று ஒதுக்குங்கள். விஜயனின் முகப்படம் விஜயனைப் பற்றிய பக்கத்துக்கு உரியது. கசாக்குக்குக் களமான தஸ்ராக் கிராமத்தில் அவர் தங்கியிருந்த ஞாற்றுப்புரை வீட்டின் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது நாவலின் பக்கத்துக்குத்தான் போக வேண்டும். தொடரின் பக்கத்தில் இருக்க வேண்டியது தொடரின் கோடு. அதைப் படித்துப் பழகிய வாசகர் பெயரைப் பார்க்காமலே ‘இது அதுதான்’ என்று சொல்லக்கூடிய படமே முகப்புக்கு ஏற்றது. செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் ‘விஜயன் பாணியில்’ ஒன்றைக் கேட்டு வாங்கிப் போடுவது கூடவே கூடாது. அது அவர் கை வரைந்ததல்ல.

அடுத்து, தொடரை முழுக்கப் படியுங்கள், குறைந்தது கிடைக்கும் தொகுப்பு முழுவதையுமாவது. இதைத் தாண்டிப் போகக் குறுக்குவழி இல்லை. ஓவியரின் கோடு காலப்போக்கில் மாறும், பாத்திரமும் மாறலாம். ஜி. அரவிந்தன் 1961 முதல் 1973 வரை மாத்ருபூமி வார இதழில் வரைந்த ‘செறிய மனுஷ்யரும் வலிய லோகவும்’ தொடரில் ராமு ஆண்டுகளோடு சேர்ந்து வளர்ந்துகொண்டே போகிறான். தொடக்கத்து ராமுவை வைப்பதா, பிற்காலத்து ராமுவை வைப்பதா? என் தீர்ப்பு: ராமுவும் தொடரின் இன்னொரு பாத்திரமான குருஜியும் சேர்ந்து நிற்கும் ஒரு கட்டம், அதுவும் தொடரின் நடுப்பகுதியிலிருந்து. முதல் இதழ்ப் படத்துக்கு வரலாற்று மதிப்பு உண்டு. ஆனால் ஓவியர் தன் கோட்டைக் கண்டடையும் முன் வரைந்த படம் தொடரின் முகமாகாது. அதைக் கட்டுரையின் உள்ளே, வளர்ச்சியைச் சொல்லும் பத்தியில் வைக்கலாம். இணையச் சித்திரக்கதைக்கும் இதே கணக்குதான். முதல் அத்தியாயத்தில் கைபேசியில் விரலால் வரைந்தவர் ஐம்பதாவது அத்தியாயத்தில் வேறு ஆளாகியிருப்பார்.

படிக்கும்போதே நான்கைந்து கட்டங்களைக் குறித்து வையுங்கள். முழுப் பக்கத்தையோ முழுப் பட்டையையோ எடுக்க வேண்டாம், ஒரே ஒரு கட்டம் போதும். முதன்மைப் பாத்திரம் தெளிவாகத் தெரிய வேண்டும். வசன பலூன் சிறியதாகவோ இல்லாமலோ இருப்பது நல்லது. மலையாள எழுத்து நிறைந்த கட்டம் தமிழ் வாசகருக்குச் சுவர்போல நிற்கும். கதையின் முடிவையோ திருப்பத்தையோ காட்டும் கட்டத்தை விட்டுவிடுங்கள். குறித்தவற்றை 220 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிக் கைபேசியில் பாருங்கள். பெரும்பாலும் இந்த ஒரு சோதனையிலேயே பாதி உதிர்ந்துவிடும். விஜயனின் தடித்த கறுப்புக் கோடு இந்த அளவிலும் நிற்கும். நுணுக்கமாக நிழலடித்த படங்கள் சாம்பல் திட்டாகிவிடும்.

இனி உரிமை. பலர் இதைக் கடைசியில் பார்க்கிறார்கள், பிறகு படம் நீக்கப்பட்டதும் வருந்துகிறார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி ஓவியரின் வாழ்நாளும், அவர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகளும் உரிமை தொடரும். விஜயன் 2005 மார்ச் 30 அன்று மறைந்தார். ஆகவே அவர் கார்ட்டூன்கள் 2065 இறுதிவரை உரிமைக்கு உட்பட்டவை. அரவிந்தன் மறைந்தது 1991இல், அவருடையவை 2051 வரை. இவற்றை விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றக் கூடாது. அங்கே கட்டற்ற உரிமம் உள்ள படங்களுக்கு மட்டுமே இடம்.

சுவரில் மாட்டிய கார்ட்டூனை நீங்களே படம் பிடித்தாலும் நிலைமை மாறாது. பொது இடத்தில் நிலையாக நிற்கும் சிற்பத்தைப் படம் எடுத்து வெளியிட நம் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. ஓவியத்துக்கு அந்தச் சலுகை இல்லை. தஸ்ராக்கில் உள்ள கசாக் சிற்பங்களைப் படமெடுத்துப் பொதுவகத்தில் ஏற்றலாம், அருகில் மாட்டியிருக்கும் கார்ட்டூனை ஏற்ற முடியாது.

உரிமை யாருடையது என்பதும் எப்போதும் நேரடியாகத் தெரிவதில்லை. பத்திரிகையில் பணியாற்றியபடி வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பத்திரிகைகளில் வெளியிடும் உரிமை முதலாளிக்கும் மற்ற உரிமைகள் ஓவியருக்கும் என்று 17ஆம் பிரிவு பிரிக்கிறது. ‘போபனும் மோளியும்’ வரைந்த டாம்ஸ் மலையாள மனோரமாவை விட்டு வெளியேறிய பின் அந்தப் பாத்திரங்களை யார் வரையலாம் என்ற வழக்கு கேரள உயர் நீதிமன்றம்வரை போனது. டாம்ஸ் தொடர்ந்து வரையலாம் என்று தீர்ப்பானது. ஆகவே படக் குறிப்பில் ஓவியர் பெயரோடு இதழின் பெயரையும் எழுதிவிடுங்கள்.

விஜயன் தொடருக்கு எஞ்சும் வழி நியாயப் பயன்பாடு, அதாவது உரிமைக்கு உட்பட்ட படத்தைத் தேவையான அளவுக்கு மட்டும் எடுத்தாள்வது. தமிழ் விக்கிப்பீடியாவில் திரைப்படச் சுவரொட்டிகள் இருப்பதும் இந்த வழியில்தான். படத்தைத் தமிழ் விக்கிப்பீடியாவிலேயே நேரடியாக ஏற்றுங்கள். ஒரு கட்டம் மட்டும், சிறிய அளவில். ஆங்கில விக்கிப்பீடியா மொத்தம் ஒரு லட்சம் பிக்சல் அளவே போதும் என்கிறது, 250க்கு 400 என்பதுபோல. மூலம், உரிமையாளர், எந்தக் கட்டுரைக்கு, ஏன் தேவை, ஏன் கட்டற்ற மாற்று கிடைக்காது என்பதையெல்லாம் விவரப் பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் படத்தை உங்கள் பயனர் பக்கத்தில் அலங்காரமாக வைக்காதீர்கள்.

இணையச் சித்திரக்கதை என்றால் ஓவியர் பெரும்பாலும் நம்மிடையே இருக்கிறார், கேட்டுவிடலாம். எனக்கு மிகப் பிடித்த வழி இதுதான். படைப்பாளி தானே தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் கட்டத்துக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. இப்படி எழுதலாம்:

“வணக்கம். உங்கள் தொடரைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதியிருக்கிறேன். அதன் முகப்புக்கு நீங்கள் வரைந்த ஒரு கட்டத்தை, கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர் குறிப்பிடல், அதேமாதிரி பகிர்தல் 4.0 உரிமத்தில் வெளியிட முடியுமா? உங்கள் பெயரைச் சொல்லி யாரும் அதைப் பயன்படுத்தலாம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற இயலாது. தொடரின் மற்ற படங்களுக்கு இது பொருந்தாது.”

கடைசி மூன்று வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். தோட்டத்து லயத்தில் அமர்ந்து இரவில் வரையும் ஓர் இளைஞரிடம் பாதியை மறைத்து அனுமதி வாங்குவது அநியாயம். ‘பெயர் போட்டால் போதும்’ என்று வாட்ஸாப்பில் வந்த பதிலைப் படம்பிடித்துக் காட்டினால் செல்லாது. ஓவியர் தன் மின்னஞ்சலிலிருந்து பொதுவகத்தின் அனுமதிக் குழுவுக்கு எழுத வேண்டும். வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமமும் உதவாது. உலகப் புகழ்பெற்ற எக்ஸ்கேசிடி தொடர் அத்தகைய உரிமத்தில் வருவதால் அதன் படங்களைப் பொதுவகம் ஏற்பதில்லை. டேவிட் ரெவாய் 2014இல் தொடங்கிய ‘பெப்பர் அண்ட் கேரட்’ இணையச் சித்திரக்கதையோ, பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற உரிமத்தில் வருகிறது, தடையே இல்லை.

கோப்பைப் பிஎன்ஜி வடிவில் சேமியுங்கள். ஜேபெக் ஆக்கினால் கறுப்புக் கோட்டின் ஓரங்களில் அழுக்குப் படிந்ததுபோலத் தெரியும். கட்டத்தை வெட்டும்போது ஓவியரின் கையெழுத்தை வெட்டிவிடாதீர்கள். பலூனில் உள்ள மலையாளத்தை அழித்துத் தமிழை எழுதவும் வேண்டாம். பேச்சின் சாரத்தைப் படத்தின் கீழ் ஒரு வரியில் தமிழில் தந்தால் போதும். அதே வரியில் பாத்திரத்தின் பெயரும், கட்டம் வெளியான இதழும் ஆண்டும் இருக்கட்டும். பார்வையற்றோர் திரைவாசிப்பானில் கேட்பதற்கான மாற்று உரையில் படத்தில் என்ன நடக்கிறது என்பதை எழுதுங்கள். ‘கார்ட்டூன்’ என்ற ஒற்றைச் சொல் அவர்களுக்கு எதையும் சொல்லாது.

படத்தை வைத்ததும் பேச்சுப் பக்கத்தில் இரண்டு வரி போடுங்கள்: எந்தக் கட்டங்களைப் பார்த்தீர்கள், இதை ஏன் தேர்ந்தீர்கள். வேறொருவர் மாற்றச் சொன்னால் அந்த வரிகளிலிருந்து பேச்சைத் தொடங்கலாம். இணையத் தொடர் இன்னும் வந்துகொண்டிருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை திரும்பிப் பாருங்கள். கோடு மாறியிருந்தால் புதிய கட்டம் ஒன்றை ஓவியரிடமே கேட்டு வாங்கலாம். நியாயப் பயன்பாட்டில் வைத்த படத்தை மாற்றினால், பழைய கோப்பு எந்தப் பக்கத்திலும் பயன்படாமல் கிடக்கும். அதை நீக்கும்படி நிர்வாகிகளிடம் சொல்லிவிடுங்கள்.