பச்சைக்குறியும் ஓவியமும்

அரூப ஓவியம் என்றதும், "இது மேனாட்டார் சரக்கு, மற்றவர்க்கு இதில் என்ன உறவு?" என்று கேட்பவர் உண்டு. நானும் அவ்வாறு கேட்டவனே. மொராக்கோ நாட்டு ஓவியர் அகமது ஷெர்க்காவியின் வரலாற்றைப் படித்த பின்னர் அக்கேள்வியின் வேகம் என்னிடம் தணிந்துவிட்டது.

ஷெர்க்காவி 1934ஆம் ஆண்டு புஜாத் என்னும் ஊரில் பிறந்தார். சூஃபி ஞானி ஒருவரின் மடத்தைச் சூழ்ந்து வளர்ந்த ஊர் அது. இளமையில் காசாபிளாங்கா நகரில் அரபு எழுத்தணிக் கலை பயின்றார். நாணல் பேனா திரும்பும் வாக்கிற்கேற்பக் கோடு தடித்தும் மெலிந்தும் ஓடும். இப்பயிற்சி அவர் கையை விட்டு என்றும் அகலவில்லை.

மொராக்கோ விடுதலை பெற்ற 1956ஆம் ஆண்டிலேயே அவர் பாரிசுக்குக் கற்கச் சென்றார். (விடுதலை பெற்றதும் ஆண்டவர் நாட்டுக்கே மாணவராய்ப் போனது விந்தைதான்!) 1959இல் அங்குப் படிப்பை முடித்து, 1961இல் போலந்தின் வார்சா நுண்கலைக் கழகத்திலும் பயின்றார். பிஸியேர், பால் கிளே ஆகியோரின் ஓவியங்கள் அவரை ஈர்த்தன. கிளேயோ 1914இல் துனீசியாவுக்குச் சென்று, அந்நாட்டு ஒளியிலே வண்ணத்தின் ஆற்றலை உணர்ந்தவர். ஆக, வட ஆப்பிரிக்கா கொடுத்த கடன் பாரிஸ் வழியாக அதன் மகனுக்கே திரும்பி வந்தது என்பேன்.

பெர்பர் இனப் பெண்கள் நெற்றியிலும் முகவாயிலும் கைகளிலும் பச்சை குத்திக்கொள்வது நெடுநாள் வழக்கம். ஷெர்க்காவியின் தாயாரும் அவ்வினத்தவர், பச்சை குத்தியிருந்தவர். வட்டம், சாய்சதுரம், குறுக்குக்கோடு, புள்ளி ஆகிய அக்குறிகளையே மகன் சணல் துணியில் தீட்டினார். முரட்டு நெசவு வண்ணத்தினூடே தோலைப்போல் தெரியும். "தாயின் கையில் கண்டதைப் பார்த்து எழுதினார், இதில் புதுமை என்ன?" என்று நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். அவர் பார்த்து எழுதவில்லை. ஒரு குறியைத் தனியே எடுத்து, பெரிதாக்கி, எழுத்தணிக்காரரின் தடித்த கோட்டால் அதற்கு ஓட்டம் கொடுத்தார். மனிதரோ மரமோ அங்கில்லை. ஆயினும் அவ்வூரார்க்கு அது அந்நியமும் இல்லை. ஜிலாலி கர்பாவியும் இவருமே மொராக்கோவில் அரூப ஓவியத்தின் முன்னோடிகளாகப் போற்றப்படுகின்றனர். கர்பாவியின் தூரிகை கொந்தளிக்கும், இவருடையதோ நிதானமானது.

தாயகத்திலேயே தங்கிப் பணிபுரிய எண்ணி 1967இல் திரும்பினார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம், குடல்வால் அறுவைச் சிகிச்சையைத் தொடர்ந்து காசாபிளாங்காவில் காலமானார். அப்போது அவருக்கு வயது 32. பச்சைக்குறிகளை ஓவியமாக்கத் தொடங்கி அவருக்குக் கிடைத்தவை சில ஆண்டுகளே.