மெலிந்தவருக்கும் கொழுப்பளவு பார்ப்பது ஏன்?

சமுதாயப் பரிசோதனை முகாம்களில் பருத்த உடலினர் வரிசையில் நிற்பர், மெலிந்தவர்கள் "நமக்கெதற்கு?" என்று கடந்து செல்வர். அப்படிச் செல்வோருள்ளும் பரிசோதனை தேவைப்படுவோர் உளர்.

2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, புதுச்சேரியில் 15 முதல் 49 வயதுடைய ஆண், பெண் இருபாலாரிலும் பத்தில் நால்வருக்கு மேல் உடல் நிறைக் குறியீடு 25 அல்லது அதற்கு அதிகம். உடலின் எடையை, மீட்டரில் கணக்கிட்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் இக்குறியீடு கிடைக்கும். கணக்கு எளிதுதான்; ஆனால் அந்த எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அது பிரித்துக் காட்டாது.

புனே நகர மருத்துவர் யாஜ்னிக், 2004இல் லான்செட் இதழில் தம்மையும் லண்டன் மருத்துவர் யட்கினையும் ஒப்பிட்டுக் காட்டினார். இருவருக்கும் குறியீடு 22.3. உடற்கொழுப்போ யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு! ஒரே எடையிலும் இந்தியர்களுக்குக் கொழுப்பு மிகுந்திருப்பது பரவலாகக் காணப்படுவதால், நமக்கு 23 முதலே அதிக எடை, 25 முதல் உடற்பருமன் என்று எல்லை தாழ்த்தப்பட்டுள்ளது.

கொழுப்பை மதிப்பிடும் கருவியின் மீது வெறுங்காலுடன் ஏறி நிற்க வேண்டும். உணர முடியாத அளவு மெல்லிய மின்னோட்டம் உடலில் செல்லும். நீர் நிறைந்த தசை அதை எளிதில் கடத்தும், கொழுப்பு தடுக்கும். அத்தடையைக் கொண்டே கருவி கணக்கிடுகிறது. ஆதலால் உணவு உண்டவுடனும், உடற்பயிற்சி செய்தவுடனும், நீர் வற்றிய நிலையிலும் அளவு மாறும். ஒருமுறை வந்த எண்ணைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இக்கருவியில் ஏறக்கூடாது. கர்ப்பிணிகளும் தவிர்ப்பது நல்லது.

கருவி இல்லாவிட்டாலும் குறையில்லை. எங்கள் கருத்தில், வீட்டிலுள்ள தையல் டேப்பே சிறந்த தொடக்கம். வேட்டியோ பேண்டோ கட்டும் இடத்தில் அளக்கலாகாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. வயிற்றினுள் கல்லீரலையும் குடலையும் சூழும் கொழுப்பே இன்சுலினின் செயலைப் பெரிதும் மந்தமாக்குகிறது. சுற்றளவு அதைக் குறிப்பால் உணர்த்துகிறது. 30 வயது கடந்தோருக்கென ஆஷா பணியாளர்கள் நிரப்பும் படிவத்திலும் இவ்வளவு கேட்கப்படுகிறது. அவர்கள் வரும் பகல் வேளையில் வேலைக்குப் போனவர்கள் வீட்டில் இருப்பதில்லை என்பதே சிக்கல்.

எனவே இன்று மாலை அவர்கள் வீடு திரும்பியதும் அளந்து பாருங்கள். எல்லையைத் தாண்டியிருந்தால், அடுத்த முகாமுக்குக் காத்திராமல், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.