பழைய காகிதம் ஏன் ஒடிகிறது?

மதுரை அமெரிக்கன் கல்லூரி 1881-இல் தொடங்கியது. இத்தகைய பழைய கல்லூரிகளின் ஆவண அறைகளில் பதிவேடுகளும் கடிதங்களும் நூல்களும் இருக்கும். அவற்றில் ஒரு விந்தை உண்டு. 200 ஆண்டுத் தாள் பெரும்பாலும் உறுதியாயிருக்கும். 100 ஆண்டுத் தாளோ மடித்தால் ஒடியும்!

காரணம் என்ன? முன்னாளில் ஐரோப்பாவில் பருத்தி, லினன் கந்தல்களைக் கூழாக்கிக் காகிதம் செய்தனர். பருத்தி ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸ். 1850-க்குப் பின் மரக்கூழ்க் காகிதம் பரவியது. மரத்திலுள்ள லிக்னின் ஒளி பட்டால் மஞ்சளாகும். மை ஊறாதிருக்கச் சேர்த்த படிகாரம், ஈரத்துடன் கூடி அமிலம் தரும். அமிலம் செல்லுலோஸின் நீண்ட சங்கிலிகளைத் துண்டிக்கும். வெப்பம் இவ்வினையை விரைவாக்கும்.

எனவே, பந்தல்குடியின் வறண்ட காற்று காகிதத்துக்கு நண்பன், வெயில் பகைவன். செய்தித்தாள் ஒன்றின் பாதியைப் புத்தகத்தால் மூடி, ஒரு வாரம் வெயிலில் வைத்துப் பாருங்கள். திறந்த பாதி மஞ்சளாகியிருக்கும்.

உங்கள் பள்ளியின் பழைய பதிவேடுகளை வெயிலில் காயவைக்க வேண்டாம்; செலோ டேப் ஒட்டவும் வேண்டாம். பருத்தித் துணியில் சுற்றி, நிழலான, காற்றோட்டமுள்ள அலமாரியில் வைக்க ஆசிரியரிடம் சொல்லுங்கள். உங்கள் ஊரில் முதன்முதல் பள்ளிக்கு வந்த பெண் யார் என்பதற்கு அந்த ஒரு தாளே சாட்சியாக இருக்கலாம்.