ஒற்றையா, இரட்டையா? – எல்லைச் சாலையில் ஒரு கணக்கு

புளியங்கொட்டைகளைக் கைக்குள் மூடிக்கொண்டு “ஒற்றையா, இரட்டையா?” என்று கேட்கும் விளையாட்டை உங்கள் பாட்டியைக் கேட்டால் சொல்லுவார். கையைத் திறந்து இரண்டிரண்டாக ஒதுக்க வேண்டும். மிச்சமில்லையென்றால் இரட்டைப்படை, ஒன்று மிஞ்சினால் ஒற்றைப்படை. “இது சின்ன வகுப்புப் பாடமாயிற்றே!” என்பீர்கள். ஆனால் இந்தச் சிறு வேறுபாட்டை வைத்துக்கொண்டு, “இது ஒருநாளும் நடக்காது” என்று சில கணக்குகளில் அடித்துச் சொல்லிவிடலாம். அது எப்படி என்று காண்போம்.

நம் அத்திபெலேயையே எடுத்துக்கொள்வோம். ஓசூர் போகும் நெடுஞ்சாலையில் இவ்வூரைத் தாண்டியதும் கர்நாடகம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. அத்திபெலேயில் புறப்படும் ஒருவர் எல்லையை ஒருமுறை கடந்தால் தமிழ்நாட்டில் இருப்பார்; இரண்டாம் முறை கடந்தால் கர்நாடகம்; மூன்றாம் முறை மீண்டும் தமிழ்நாடு.

ஒரு வேன் ஓட்டுநர் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: “அத்திபெலேயில் வண்டியை எடுத்தேன். இச்சாலையிலேயே போய்வந்து, இந்த வாரம் 37 முறை எல்லையைக் கடந்தேன். இப்போது அத்திபெலேயில் நிற்கிறேன்.” அவருடைய பயணக் குறிப்பைப் பார்க்க வேண்டியதே இல்லை, எண்ணிக்கை தவறு. முதல் 36 கடப்புகள் 18 சோடிகள். ஒவ்வொரு சோடியும் அவரைப் புறப்பட்ட பக்கத்துக்கே கொண்டுவந்துவிடும். மிஞ்சிய ஒன்று அவரைத் தமிழ்நாட்டில் நிறுத்தும்.

கூட்டல் கழித்தலிலும் இதே கதைதான். ஓர் எண்ணோடு ஒற்றைப்படை எண்ணைக் கூட்டினாலும் கழித்தாலும் இரட்டை ஒற்றையாகும், ஒற்றை இரட்டையாகும். அதாவது எல்லை தாண்டிவிடுகிறோம். இரட்டைப்படை எண்ணைக் கூட்டினாலும் கழித்தாலும் இருந்த பக்கத்திலேயே இருப்போம்.

இப்போது ஒரு புதிர். 1 முதல் 10 வரையுள்ள எண்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் முன்னும் + அல்லது – குறி இடுங்கள். விடை 0 வர வேண்டும். முடியுமா?

குறியிடும் வழிகள் மொத்தம் 1024. பத்துப் பதினைந்து வழிகளைப் பார்த்துவிட்டு “வரவில்லை, ஐயா” என்பது விடையாகாது, பதினாறாவதில் வந்துவிட்டால்? ஆனால் யோசித்துப் பாருங்கள். 0 என்னும் இரட்டைப்படை எண்ணிலிருந்து புறப்படுகிறோம். 1, 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படை எண்கள் ஐந்து. குறி எதுவானாலும் ஐந்து முறை எல்லை தாண்டியாக வேண்டும். ஐந்து ஒற்றை. ஆகவே விடை எப்போதும் ஒற்றைப்படையே. 0 ஒருநாளும் வராது. 1024 வழிகளும் ஒரே காரணத்தில் அடைபட்டுவிட்டன. “வரவில்லை” என்பதற்கும் “வராது” என்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். காரணம் காட்டி “வராது” என்பதே கணிதம்.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, இம்முறை “முடியாது” என்பதைக் காட்டுமே தவிர, “முடியும்” என்று உறுதி கூறாது. 1, 3 ஆகிய இரண்டை மட்டும் எடுத்தால் விடை இரட்டைப்படைதான். ஆனால் எப்படிக் குறியிட்டாலும் 0 வராது.

இரண்டாவது, பக்கங்கள் இரண்டே இருக்க வேண்டும். சென்னையிலிருந்து பெங்களூரு வரும் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ், ஜோலார்பேட்டைக்குப் பின் ஆந்திரத்தின் குப்பம் வழியாகக் கர்நாடகத்துக்குள் நுழைகிறது. ஆந்திர எல்லை ஒன்று, கர்நாடக எல்லை ஒன்று. இரண்டு எல்லைகளைத் தாண்டியும் வண்டி தமிழ்நாட்டுக்குத் திரும்பிவிடவில்லையே! மூன்று மாநிலங்கள் வந்ததும் நம் விதி செல்லாது. எந்த விதியையும் அதன் நிபந்தனையோடு சேர்த்தே நினைவில் வையுங்கள்.

பயிற்சி:

1. ஏழு ஒற்றைப்படை எண்களைக் கூட்டி 30 பெற முடியுமா? காரணம் கூறுக.

2. 1 முதல் 11 வரை குறியிட்டு 0 பெற முடியுமா? முடியும் என்றால் குறியிட்டுக் காட்டுக.

விடையைக் காட்டிலும், “ஏன்?” என்பதை ஒரு வரியில் எழுதிப் பாருங்கள்.